பச்சைத் தேயிலையும் கல்லீரலும்

மனிதன் உணவாகக் கொண்ட இலைகள் பல. மருந்தாகக் கொண்ட இலைகள் அவற்றினும் பல. ஆனால் மருந்தாகத் தொடங்கி, நாள்தோறும் பருகும் பானமாக மாறி, மீண்டும் மருந்து என்னும் பெயரைப் பெற முயலும் இலை ஒன்று உண்டு. அதுவே தேயிலை. இந்நாளில் 'செலினியம் செறிந்த பச்சைத் தேயிலை' என்னும் பெயரால் ஒரு பொருள் விற்கப்படுகிறது. இலைக்கு இயல்பாக உள்ள சத்துகளோடு செலினியம் என்னும் தாதுப்பொருளும் அதில் மிகுந்துள்ளது என்றும், அதனைப் பருகினால் கல்லீரலில் படிந்த கொழுப்புக் கரையும் என்றும் விற்போர் கூறுவர். இக்கூற்று மெய்யா, பொய்யா என்பதற்கு ஒரே சொல்லில் விடை கூறுதல் எளிதன்று. ஓர் இலை, ஒரு தாது, ஓர் உறுப்பு ஆகிய மூன்றும் வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு காலங்களில் தனித்தனியே ஆராயப்பட்டவை. அவை மூன்றும் ஒரே கிண்ணத்தில் வந்து கூடிய வரலாற்றை அறிந்தால், விடையை நாமே காணலாம்.

தேயிலையின் தாயகம் சீனம். ஷென் நோங் என்னும் பழங்கால அரசன் மூலிகைகளைச் சுவைத்துச் சோதித்தபோது தேயிலையின் பெருமையை உணர்ந்தான் என்பது சீனர் கூறும் பழங்கதை. கதை ஒருபுறம் இருக்க, மண்ணுள் புதைந்திருந்த சான்றும் உண்டு. கி.மு. 141இல் மறைந்த ஹான் பேரரசர் ஜிங் என்பாரின் கல்லறை சியான் நகருக்கு அருகில் உள்ளது. அதிலிருந்து எடுத்த இலைப் பொருளை ஆராய்ந்தோர், அது தேயிலையே என்று 2016இல் அறிவித்தனர். ஆகவே இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அரசர்கள் தம் மறுமைப் பயணத்துக்கும் உடன்கொண்டு செல்ல விரும்பும் அளவுக்குத் தேயிலை மதிப்புப் பெற்றிருந்தது என்பது தெளிவு. கி.பி. 8ஆம் நூற்றாண்டில் தாங் பேரரசின் காலத்தில் வாழ்ந்த லூ யூ என்பார், தேயிலைக்கென்றே 'சா ஜிங்' என்னும் நூலை இயற்றினார். செடி வளரும் மண், இலை கொய்யும் பருவம், பயன்படும் கலங்கள், தண்ணீரின் தரம் ஆகிய அனைத்தையும் அவர் வகுத்துரைத்தார்.

சீனத்தினின்று ஜப்பானுக்குத் தேயிலை சென்ற வரலாற்றில், மருத்துவமே முன்னிற்கிறது. எய்சாய் என்னும் பௌத்தத் துறவி 1191இல் சீனத்தினின்று திரும்பியபோது தேயிலை விதைகளைக் கொண்டுவந்தார். 1211இல் அவர் 'கிஸ்ஸா யோஜோகி' என்னும் நூலை எழுதினார். தேநீர் அருந்தி உடல் நலம் பேணுதல் என்பதே அதன் பொருள். ஐந்து உள்ளுறுப்புகளுக்கும் ஐந்து சுவைகள் உரியவை என்பது அந்நூலின் அடிப்படை. கல்லீரலுக்குப் புளிப்பும், நுரையீரலுக்குக் கார்ப்பும், மண்ணீரலுக்கு இனிப்பும், சிறுநீரகத்துக்கு உவர்ப்பும், இதயத்துக்குக் கைப்பும் உரியவை. மற்றச் சுவைகளை மக்கள் உணவில் பெறுகின்றனர். கைப்பை மட்டும் ஒதுக்குகின்றனர். அதனால் இதயம் நலிகிறது. அக்குறையைத் தேநீர் தீர்க்கும் என்பது எய்சாயின் வாதம். 1214இல் ஜப்பானின் படைத்தலைவராய் ஆட்சி நடத்திய சனேதோமோ என்பவர் முந்தைய நாள் மிகுதியாக மது அருந்தியதால் நலிவுற்றிருந்தார். எய்சாய் அவருக்குத் தேநீரையும், தம் நூலையும் அளித்தார் என்று அக்காலக் குறிப்புக் கூறும். மதுவால் முதலில் வருந்தும் உறுப்பு கல்லீரல் என்பதை இன்று நாம் அறிவோம். எய்சாயோ தேநீரை இதயத்தின் துணையாகவே கருதினார். ஓர் இலையின் பயன் மாறாதிருக்க, அதற்கு நாம் கூறும் காரணம் காலந்தோறும் மாறும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

17ஆம் நூற்றாண்டில் தேயிலை ஐரோப்பாவை அடைந்தது. அங்கே அதனை வரவேற்றவர்கள் வணிகரும் மருத்துவருமே. ஏறத்தாழ 1660இல் லண்டன் மாநகரில் தாமஸ் கார்வே என்னும் வணிகர், தேயிலையின் நலன்களைப் பட்டியலிட்டு ஒரு விளம்பரத் தாளை வெளியிட்டார். தலைவலி தீரும், கண் தெளியும், நினைவாற்றல் வளரும் என்று நீளும் அப்பட்டியலில், கல்லீரலின் வெப்பம் தணிந்து தூய்மை பெறும் என்பதும் ஒன்று. கல்லீரலுக்குத் தேயிலை நல்லது என்னும் விளம்பரம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. மூன்றரை நூற்றாண்டுகளாக வருவது. ஹாலந்து நாட்டு மருத்துவர் கொர்னேலிஸ் பொன்டெகூ 1678இல் எழுதிய நூலில், நாள் ஒன்றுக்கு ஐம்பது, நூறு, இருநூறு கிண்ணம் தேநீர் அருந்தினும் தீங்கில்லை என்று கூறத் துணிந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியார் அவருக்குப் பொருள் அளித்திருப்பரோ என்று பிற்காலத்தார் ஐயுற்றனர். ஐயம் மெய்யாயினும் ஆகாவிடினும், ஒன்று உறுதி. கார்வேயும் பொன்டெகூவும் எண்ணிப் பார்க்கவில்லை, ஒப்பிட்டுப் பார்க்கவுமில்லை. தேநீர் அருந்தியவருள் எத்தனை பேர் நலம் பெற்றனர், அருந்தாதவருள் எத்தனை பேர் நலம் பெற்றனர் என்னும் கணக்கு அவர்களிடம் இல்லை. கணக்கில்லாத மருத்துவத்தில் புகழ்ச்சிக்கு எல்லை இருப்பதில்லை.

பச்சைத் தேயிலை வேறு, கருந்தேயிலை வேறு என்றும், அவை இரண்டும் இருவகைச் செடிகளின் இலைகள் என்றும் ஐரோப்பியர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். இராபர்ட் பார்ச்சூன் என்னும் ஸ்காட்லாந்து நாட்டுத் தாவர அறிஞர் 1840களில் சீனத்துக்குச் சென்று, இரண்டும் ஒரே செடியின் இலைகளே என்பதை நேரிற் கண்டறிந்தார். வேறுபாடு செடியில் இல்லை. பதப்படுத்தும் முறையில்தான் உள்ளது. அவர் கண்ட செய்தி மற்றொன்றும் உண்டு. அயல்நாட்டார் விரும்பும் பச்சை நிறத்தை ஊட்டுவதற்காக, ஏற்றுமதிக்குரிய தேயிலையில் 'பிரஷ்யன் நீலம்' என்னும் சாயப்பொருளையும் ஜிப்சம் என்னும் கனிமத்தையும் தொழிலாளர் கலந்தனர். நூறு பவுண்டு தேயிலையைப் பருகுவோர், அரைப் பவுண்டுக்கு மேல் இச்சாயத்தையும் ஜிப்சத்தையும் சேர்த்தே பருகுகின்றனர் என்று பார்ச்சூன் தம் 1852ஆம் ஆண்டு நூலில் கணக்கிட்டுக் காட்டினார். சீனர்கள் அத்தேயிலையைத் தாம் பருகவில்லை. தேயிலையில் தாதுப்பொருளைச் சேர்த்து விற்கும் வழக்கம் இவ்வாறு முதலில் கலப்படமாகவே வரலாற்றில் இடம் பெற்றது.

பச்சைத் தேயிலைக்கும் கருந்தேயிலைக்கும் உள்ள வேறுபாட்டை இரசாயன நூல் பின்னர் விளக்கியது. கொய்த இலையைக் கசக்கி வைத்தால், இலையில் உள்ள நொதி ஒன்று காற்றின் துணையால் வேலை செய்கிறது, இலை கருக்கிறது. நாம் பால் கலந்து அருந்தும் தேநீர் இவ்வகையினது. கொய்தவுடன் இலையை ஆவியில் வேகவைத்தாலும், சூடான சட்டியில் வறுத்தாலும் அந்நொதி அழிந்துவிடும். இலை பச்சை மாறாது. அப்போது அதில் உள்ள கேட்டகின் என்னும் துவர்ப்புப் பொருள்களும் பெரிதும் மாறாமல் நிற்கின்றன. இப்பொருளைப் பச்சைத் தேயிலையிலிருந்து பிரித்தெடுத்தவர் ஜப்பானியப் பெண் விஞ்ஞானி மிச்சியோ சுஜிமுரா. பெண்களுக்கு ஆராய்ச்சிக் கூடங்களின் கதவுகள் எளிதில் திறவாத காலம் அது. உமெதாரோ சுசுகி என்னும் பேரறிஞரின் கூடத்தில் பணியாற்றிய அவர், 1924இல் செய்தாரோ மியுராவுடன் சேர்ந்து பச்சைத் தேயிலையில் வைட்டமின் 'சி' இருப்பதைக் கண்டார். 1929இல் கேட்டகினைப் பிரித்தெடுத்தார். 1932இல் ஜப்பானில் வேளாண் துறையில் டாக்டர் பட்டம் பெற்ற முதற் பெண்மணியானார். 'தேயிலை நல்லது' என்னும் பொதுமொழி, 'தேயிலையில் இன்ன பொருள் இன்ன அளவில் உண்டு' என்னும் அறிவாக மாறியது இவர் போன்றோர் உழைப்பால்தான்.

இனிக் கல்லீரலைப் பற்றிக் காண்போம். உடலின் பெரிய தொழிற்சாலை கல்லீரல். உண்ட உணவின் சத்துகளைச் சேமிப்பதும், வேண்டும்போது வழங்குவதும், நஞ்சுகளை மாற்றுவதும் அதன் பணிகள். நலமுள்ள கல்லீரலில் கொழுப்பு நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் இராது. அவ்வெல்லையைக் கடந்தால் அது கொழுப்பேறிய கல்லீரல் எனப்படும். 1836இல் லண்டன் கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்த தாமஸ் அடிசன் இந்நிலையை விளக்கி எழுதினார். மிகுந்த மது அருந்துவோர்க்கே இது வரும் என்று மருத்துவர் நெடுங்காலம் கருதினர். இன்சுலினைக் கண்டவருள் ஒருவரான சார்லஸ் பெஸ்ட், கனடா நாட்டின் டொராண்டோ நகரில் 1932இல் மற்றொரு வழியைக் காட்டினார். கோலின் என்னும் சத்து உணவில் குறைந்தால் விலங்குகளின் கல்லீரலில் கொழுப்புத் தேங்குகிறது என்றும், அச்சத்தை அளித்தால் அது குறைகிறது என்றும் அவரும் அவர் துணைவரும் மெய்ப்பித்தனர். மதுவின்றியும் கல்லீரலில் கொழுப்பு ஏறும் என்பது இதனால் விளங்கிற்று.

1980இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் யூர்கன் லுட்விக் என்னும் அறிஞரும் அவர் துணைவரும், 20 நோயாளிகளின் கல்லீரலை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். அந்நோயாளிகள் மதுவால் கெட்டவர் அல்லர். பெரும்பாலோர் உடல் பருத்தவர். எனினும் அவர்தம் கல்லீரல் மதுவால் கெட்ட கல்லீரலைப் போலவே கொழுப்பும் அழற்சியும் கொண்டிருந்தது. அன்று அரிய நோயாகத் தோன்றியது இன்று உலகெங்கும் பரவியுள்ளது. பெரியவருள் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவரேனும் இந்நிலையில் உள்ளனர் என்று மதிப்பிடுகின்றனர். நம் நாடும் இதற்கு விலக்கன்று. 2023இல் மருத்துவ அறிஞர்கள் கூடி, வளர்சிதை மாற்றக் கோளாற்றோடு தொடர்புடைய கல்லீரல் கொழுப்பு நோய் என்று இதற்குப் புதுப்பெயர் சூட்டினர். மிகுந்த உடற்பருமன், நீரிழிவு, உழைப்பற்ற வாழ்வு ஆகியவை இதன் துணைவர். தொடக்கத்தில் இந்நோய் வலி தருவதில்லை. சிலருக்கு மட்டும் அழற்சி தோன்றி, தழும்பு வளர்ந்து, ஆண்டுகள் பல கழிந்தபின் ஈரல் சுருங்கிக் கெடுகிறது. வலியின்றி வளரும் நோய்க்கு எளிய மருந்து ஒன்றை மனம் தேடுவது இயல்பே. அத்தேட்டமே விளம்பரத்தின் விளைநிலம்.

மூன்றாவது பொருள் செலினியம். 1817இல் ஸ்வீடன் நாட்டு இரசாயன அறிஞர் பெர்சீலியஸ், கந்தக அமிலத் தொழிற்சாலையின் கசண்டில் இத்தனிமத்தைக் கண்டார். பூமியின் பெயரைத் தாங்கிய டெல்லூரியம் என்னும் தனிமத்தை இது ஒத்திருந்தமையால், நிலவின் கிரேக்கப் பெயரான 'செலினி' என்பதை இதற்குச் சூட்டினார். பெயர் குளிர்ச்சியானது, புகழ் அவ்வாறு அமையவில்லை. அமெரிக்காவின் தென் டக்கோட்டா முதலிய பகுதிகளில் குதிரைகளும் மாடுகளும் மயிர் உதிர்ந்து, குளம்பு கழன்று மாண்டன. அம்மண்ணில் விளைந்த புல்லிலும் தானியத்திலும் மிகுந்திருந்த செலினியமே அதற்குக் காரணம் என்று 1930களில் தெரிந்தது. அதனால் செலினியம் என்றாலே நஞ்சு என்னும் எண்ணம் வேரூன்றியது.

அவ்வெண்ணத்தை மாற்றியது கல்லீரலே. ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குச் சென்ற கிளாஸ் சுவார்ஸ் என்னும் அறிஞர், பெதஸ்டா நகரில் உள்ள தேசிய சுகாதார நிறுவனத்தில் எலிகளை ஆராய்ந்தார். டோருலா என்னும் ஒருவகை ஈஸ்ட்டை மட்டும் புரதமாக உண்ட எலிகளின் கல்லீரல் செத்து அழிந்தது. மது வடிக்கப் பயன்படும் ஈஸ்ட்டை உண்டவை பிழைத்தன. இரண்டாவதில் உள்ள காக்கும் பொருள் யாது? 1957இல் சுவார்சும் கால்வின் போல்ட்சும் விடை கண்டனர். உலகம் நஞ்சென்று அஞ்சிய செலினியமே அது! எடை காண்பதற்கும் அரிய சிற்றளவில் அது எலியின் கல்லீரலைக் காத்தது. காரணம் 1973இல் விளங்கிற்று. உடலில் தோன்றும் பெராக்சைடு முதலிய எரிபொருள்களை அடக்கும் ஒரு நொதியின் உறுப்பாகச் செலினியம் அமைந்திருந்தது. கேட்டகினும் சோதனைக் குழாயில் அத்தகைய பொருள்களை அடக்க வல்லது. இவ்விரண்டும் ஓர் இலையில் சேர்ந்தால் கல்லீரலுக்கு இரட்டைக் காவல் கிடைக்குமன்றோ என்று எண்ணுவது இங்கிருந்தே தோன்றியது. எண்ணம் அழகியது. ஆனால் ஒன்றை மறத்தலாகாது. சுவார்சின் எலிகள் செலினியம் இன்றி வாடியவை. இல்லாதவனுக்கு ஒரு பிடி சோறு உயிர் காக்கும்; உண்டு நிறைந்தவனுக்கு அதே பிடி சோறு அந்நன்மையைத் தராது.

இவ்வுண்மையைச் சீன நாடு தன் மக்களின் வாழ்விலேயே கண்டது. வடகிழக்கில் ஹைலோங்ஜியாங் மாநிலத்தின் கேஷான் பகுதியில், 1935இல் ஒரு கொடிய இதய நோய் காணப்பட்டது. குழந்தைகளும், மகப்பேற்றுப் பருவப் பெண்களும் அதற்கு மிகுதியாக இரையாயினர். அந்நோய் கண்ட பகுதிகளின் மண்ணில் செலினியம் மிகக் குறைவு. மக்கள் உணவில் பெற்றது நாளொன்றுக்கு ஏறத்தாழ 11 மைக்ரோகிராம்; மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 1974இல் சிச்சுவான் மாநிலத்தில் ஒரு பெருஞ்சோதனை நடந்தது. செலினிய உப்பு மாத்திரை பெற்ற குழந்தைகள் 4,510. அவர்களுள் நோயுற்றோர் 10 பேர். வெறும் மாத்திரை பெற்றோர் 3,985. அவர்களுள் நோயுற்றோர் 54 பேர். அடுத்த ஆண்டும் இவ்வாறே விளைந்தது. பின்னர் அனைவருக்கும் செலினியம் வழங்கப்பட்டது. பொன்டெகூவின் இருநூறு கிண்ணப் புகழ்ச்சியையும் இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மருத்துவம் முந்நூறு ஆண்டுகளில் நடந்து வந்த தொலைவு புலப்படும்.

அதே சீனத்தில், ஹூபே மாநிலத்து என்ஷி மலைப்பகுதியில் நேர்மாறான துன்பம் நிகழ்ந்தது. அங்குள்ள நிலக்கரிப் பாறையில் செலினியம் மிகுதி. பாறை சிதைந்து மண்ணிற் கலந்தது. மண்ணிலிருந்து பயிரில் ஏறியது. 1961 முதல் 1964 வரை நோய் உச்சத்தை அடைந்தது. வறட்சியால் நெல் பொய்த்தபோது, மக்கள் அம்மண்ணில் விளைந்த சோளத்தையும் காய்கறிகளையும் மிகுதியாக உண்ண நேர்ந்தது. தலைமயிர் உதிர்ந்தது, நகங்கள் கழன்றன. மிகவும் தாக்குண்ட சிற்றூர்களில் வாழ்ந்த 248 பேருள் ஏறத்தாழப் பாதிப்பேர் இந்நோய்க்கு ஆளாயினர். அவ்வூர்களில் மக்கள் பெற்ற செலினியம் நாளொன்றுக்குச் சராசரி 5,000 மைக்ரோகிராம் அளவினது என்று 1983இல் வெளியான ஆய்வு கூறிற்று. ஒரே நாடு, ஒரே தாது. கேஷானில் இன்மையால் மாண்டனர். என்ஷியில் மிகுதியால் நலிந்தனர். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் நம் பழமொழிக்கு இதனினும் தெளிவான உரை வேண்டுவதில்லை.

இந்த என்ஷியே இன்று செலினியத் தேயிலையின் பெயர் பெற்ற விளைநிலம். 'என்ஷி யூலூ' என்னும் அதன் பச்சைத் தேயிலை, இலையை ஆவியில் வேகவைக்கும் பழைய முறையை இன்றும் போற்றுவது. ஷான்சி மாநிலத்து சியாங் பகுதியும் இவ்வகைத் தேயிலைக்குப் புகழ் பெற்றது. மண்ணில் செலினியம் இல்லாத இடங்களில், செலினிய உப்புக் கரைசலை இலைமேல் தெளித்தும் செறிவூட்டுகின்றனர். ஒரு காலத்தில் துயரம் தந்த மண், அளவறிந்து பயன்படுத்தும்போது வாழ்வு தரும் மண்ணாயிற்று.

இத்தேயிலை தரும் செலினியம் எவ்வளவு? கணக்கிட்டுப் பார்ப்போம். சீனத்தில் 2002இல் வகுத்த வேளாண் தரவிதியின்படி, செலினியத் தேயிலையில் ஒரு கிலோவுக்கு 0.25 முதல் 4 மில்லிகிராம் வரை அத்தாது இருக்கலாம். உச்ச அளவையே கொண்டாலும் ஒரு கிராம் இலையில் 4 மைக்ரோகிராம். நாளொன்றுக்கு 5 கிராம் இலையைப் பயன்படுத்தினால் 20 மைக்ரோகிராம். அதிலும் பெரும்பகுதி புரதத்தோடு பிணைந்து சக்கையிலேயே தங்கிவிடும். ஒரு பகுதியே நீரில் இறங்கும். பெரியவர் ஒருவருக்கு வேண்டிய அளவு நாளொன்றுக்கு 55 மைக்ரோகிராம் என்பது அமெரிக்க அறிஞர்களின் விதி. நல்ல தீனி உண்ட கோழியின் ஒரு முட்டையிலேயே ஏறத்தாழ 15 மைக்ரோகிராம் உண்டு. ஆகவே இத்தேநீரால் நஞ்சேறும் என்று அஞ்ச வேண்டுவதில்லை; அது பெரிய மருந்து என்று மகிழவும் இடமில்லை.

கேட்டகினின் நிலை யாது? பருத்த எலிகளுக்குப் பச்சைத் தேயிலைச் சத்தை ஊட்டியபோது அவற்றின் கல்லீரலில் கொழுப்புக் குறைந்ததைப் பல ஆய்வுகள் காட்டின. மனிதரிடம் நடந்த சிறு சோதனைகள் சிலவற்றில், கல்லீரல் நலிவைக் காட்டும் நொதிகள் இரத்தத்தில் குறைந்தன. ஆயினும் அச்சோதனைகளில் பங்கு கொண்டோர் சிலரே. நடந்த காலமும் சில வாரங்களே. நோயின் போக்கையே அது மாற்றும் என்று கூறுதற்கு அவை போதா.

இதனினும் கவலைக்குரிய செய்தி ஒன்று உண்டு. தேநீரை விட்டு, இலையின் சத்தை வடித்துச் செறிவாக்கி மாத்திரைகளில் அடைத்து விற்கத் தொடங்கினர். உடல் மெலிவதற்கென்று விற்கப்பட்ட 'எக்சோலிஸ்' என்னும் மாத்திரை, உண்டோர் சிலருக்குக் கல்லீரல் கேடு நேர்ந்தமையால் 2003இல் பிரான்சிலும் ஸ்பெயினிலும் விலக்கப்பட்டது. அமெரிக்காவின் மினசோட்டாவில் மாதவிடாய் நின்ற பெண்கள் ஆயிரவரிடம் ஓராண்டுச் சோதனை நடந்தது. முதன்மையான கேட்டகின் 843 மில்லிகிராம் நாள்தோறும் பெற்றவருள், கல்லீரல் நொதி உயர்ந்தவர் நூற்றுக்கு ஐவர். வெறும் மாத்திரை பெற்றவருள் நூற்றுக்கு ஒருவரினும் குறைவு. 2018இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இவற்றையெல்லாம் ஆராய்ந்தது. நீரில் இட்டுப் பருகும் வழக்கமான தேநீர் பொதுவாகத் தீங்கற்றது என்றும், மாத்திரையாக நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் அக்கேட்டகினைக் கொள்வோர்க்குக் கல்லீரல் நலியக் கூடும் என்றும் அது முடிவு கூறிற்று. கல்லீரலைக் காப்பதாக எண்ணி விழுங்கும் பொருளே கல்லீரலைத் தாக்குமாயின், அதனினும் கொடிய முரண் எது?

செலினிய மாத்திரையின் வரலாறும் இத்தகையதே. புற்றுநோயைத் தடுக்குமா என்று அறிய, 35,000 ஆடவரிடம் 2001இல் தொடங்கிய பெருஞ்சோதனையில் நாள்தோறும் 200 மைக்ரோகிராம் செலினியம் வழங்கப்பட்டது. பயனில்லை என்று கண்டு 2008இல் மாத்திரைகளை நிறுத்தினர். முன்னர் நடந்த வேறொரு சோதனையின் கணக்கை 2007இல் மீண்டும் ஆராய்ந்தபோது, செலினியம் பெற்றவரிடையே நீரிழிவு மிகுந்திருந்தது தெரியவந்தது. நீரிழிவோ கல்லீரல் கொழுப்பின் உடன்பிறப்பு. போதிய செலினியம் உள்ளவர் மேலும் மேலும் சேர்த்துக் கொள்வது, காவலுக்கு மாறாகக் கேடாகவும் முடியலாம்.

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படுவது யாது? பச்சைத் தேயிலை நல்ல பானம். சர்க்கரை கலந்த பானங்களுக்கு மாறாக அதனை அருந்துவது கல்லீரலுக்கும் நன்றே. உணவோடு சேர்த்து அருந்தினால் உணவிலுள்ள இரும்புச் சத்து உடலிற் சேர்வதைத் தேநீர் குறைக்கும். எனவே சோகை உடையோர் உணவுக்கும் தேநீருக்கும் இடையே காலம் விடுதல் தகும். கல்லீரலில் ஏறிய கொழுப்பைக் குறைக்கும் வழி என்று இன்று உறுதியாகக் கூறப்படுவது உடல் எடையைக் குறைத்தலே. பருத்தவர் தம் எடையில் நூற்றுக்கு ஏழு முதல் பத்துப் பங்கு குறைத்தால் அழற்சியும் தணியும் என்று மருத்துவர் கூறுவர். தழும்பு வளர்ந்த நிலையினர்க்கென முதல் மருந்தை அமெரிக்க அரசு 2024இல் ஏற்றது. அதனையும் உணவுக் கட்டுப்பாட்டோடும் உடற்பயிற்சியோடும் கொள்ளுமாறே விதித்தது. நோயுற்ற ஒருவர் தேநீரை நம்பி மருத்துவரை நாடாதிருந்தால், இழப்பது தேயிலையின் விலையை அன்று. திரும்பப் பெறவியலாத ஆண்டுகளை.

மாணவர்களுக்கு இவ்வரலாறு தரும் கருவி ஒன்று உண்டு. ஒரு பொருள் நோய் தீர்க்கும் என்று யாரேனும் கூறினால், நான்கு வினாக்களைக் கேளுங்கள். எத்தனை பேரிடம் சோதித்தனர்? அப்பொருளைக் கொள்ளாத எவரோடு ஒப்பிட்டனர்? எவ்வளவு கொடுத்தனர்? கொண்டவருக்கு அது முன்னரே குறைவாக இருந்ததா, நிறைவாக இருந்ததா? கார்வேயின் விளம்பரத் தாள் இவற்றுள் ஒன்றுக்கும் விடை கூறாது. சிச்சுவான் குழந்தைகளின் கணக்கு நான்குக்கும் விடை கூறும். அடுத்த முறை கடையில் ஒரு பொட்டலத்தைக் கையில் எடுக்கும்போது, அதன்மேல் அச்சிட்ட சொற்கள் இவ்விரண்டில் எதனைச் சார்ந்தவை என்று பாருங்கள்.